தேங்காய்ப்பூவும் சீனியும்: ஓவன் இல்லாத பலகாரங்கள்

கல்முனையில் டிசெம்பர் மழையில் கிண்டிய தேங்காய் ரொபியும் ஜூலை மாதக் கச்சான் காற்றில் கிண்டிய ரொபியும் ஒன்றாக இருக்காது. அதே அளவு, அதே தாச்சி, அதே கை. ஆனாலும் மாரியில் செய்தது மறுநாளே கசிந்து தட்டில் ஒட்டிக்கொள்ளும். கச்சானில் செய்தது வெட்டும்போதே உதிரப் பார்க்கும். கடலுக்கும் வயலுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிற மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர் ஆகிய ஊர்களில் காற்றே ஈரமானது. சீனி அந்த ஈரத்தை இழுக்கும். தேங்காய்ப்பூவோ தன் எடையில் ஏறத்தாழப் பாதியைத் தண்ணீராகவே வைத்திருக்கிறது. இந்த அத்தியாயத்தில் வரும் நான்கு பலகாரங்களிலும் நீங்கள் உண்மையில் செய்யப்போவது ஒரே வேலைதான்: எங்கே ஈரத்தை வெளியேற்றுவது, எங்கே அதைப் பிடித்து வைப்பது என்று பார்ப்பது. அது கைவந்துவிட்டால் அளவுகளை உங்கள் வீட்டுக்கு ஏற்றபடி நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

ஓவன் எதற்கும் வேண்டாம். எங்கள் பக்கத்து வீடுகளில் பலவற்றில் அது இல்லை. இருக்கும் வீடுகளிலும் மின்கட்டணத்தை நினைத்துப் பெருநாளைக்கு மட்டுமே போடுகிறார்கள். 2022இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற மாதங்களில் விறகடுப்பிலும் மண்ணெண்ணெய் அடுப்பிலும் செய்யக்கூடிய பலகாரங்கள்தான் பிள்ளைகளின் வாயை இனிக்க வைத்தன. கீழே உள்ளவை அப்படிப்பட்ட அடுப்பிலும் வரும்.

தொதலை இங்கே சேர்க்கவில்லை. அதுவும் தேங்காய்ப் பலகாரம்தான், பெருநாளின் பெருமையும் அதுதான். ஆனால் அரிசி மாவும் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து எண்ணெய் கக்கும்வரை மணிக்கணக்காகக் கிண்ட வேண்டும். இரண்டு மூன்று பேர் கைமாற்றிக் கிண்டுகிற வேலை அது. முதன்முதலாகப் பலகாரம் செய்யப் பழகுகிறவர் தனியாகத் தொடங்கக் கூடாது.

தேங்காயைப் பார்த்து எடுப்பது

நன்றாக முற்றிய காய் வேண்டும். ஆட்டினால் உள்ளே தண்ணீர் குலுங்க வேண்டும். சத்தமே இல்லாவிட்டால் தண்ணீர் நிறைந்த இளங்காய், அல்லது வெடிப்பு விழுந்து வற்றிய காய். கண் மூன்றும் காய்ந்திருக்க வேண்டும். அதில் ஈரமோ பூஞ்சணமோ தெரிந்தால் விலை குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மரத்திலிருந்து பறித்த உடனே உரித்த காயைவிட, உரிக்காமல் சில வாரங்கள் நிழலில் குவித்து வைத்த காய் பலகாரத்துக்கு நல்லது. பருப்பு இறுகி, அதன் ஈரம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

திருவலையில் திருவும்போது வெள்ளை முடிந்து தவிட்டு நிறம் தட்டுப்படும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். ரொபிக்கும் டின்பால் உருண்டைக்கும் வெள்ளைப்பூ மட்டும். மிஞ்சியதைக் கடைசியாகச் சுரண்டி வேறு கோப்பையில் வையுங்கள். ஈத்தம்பழ உருண்டையில் அந்த நிறம் தெரியவே தெரியாது. 2024இன் கடைசியிலிருந்து தேங்காய் விலை போன போக்கைப் பார்த்தவர்கள் ஒரு சுரண்டலையும் வீசமாட்டார்கள். அதனால்தான் இந்த அத்தியாயத்தில் ஒரு காயிலிருந்து இரண்டு பலகாரம் எடுக்கும் வழியையும் சொல்லியிருக்கிறேன்.

நடுத்தரக் காய் ஒன்றில் அமுக்காமல் அளந்தால் இரண்டு கோப்பைக்குச் சற்றுக் கூடுதலாகப் பூ வரும். பிளெண்டரில் தேங்காய்ச் சொட்டைப் போட்டு அடிப்பது எளிதுதான். ஆனால் அது பூவாக வராமல் குருணையாக வரும், பாலும் கசியும். ரொபி வெட்டும்போது விளிம்பு சீராக வராததற்குப் பல வீடுகளில் இதுதான் காரணம்.

அடுத்தது, சமைக்காத தேங்காய்ப்பூவைப் பற்றிய ஒரு எச்சரிக்கை. இதைப் படிக்காமல் தாண்டிவிடாதீர்கள். தேங்காய் ஓட்டுக்குள் இருக்கும்வரை பருப்பு சுத்தமானது. உடைத்த பிறகு கை, திருவலை, பாத்திரம், ஈ என எல்லாவற்றிலிருந்தும் கிருமி ஏறும், அது வளரத் தேவையான ஈரமும் உணவும் பூவிலேயே இருக்கின்றன. 1950களில் ஆஸ்திரேலியாவிலும் பிரித்தானியாவிலும் குடற்காய்ச்சலும் சல்மொனெல்லா வயிற்றோட்டமும் பரவியபோது, காரணத்தைத் தேடிப்போனவர்கள் வந்து நின்ற பொருள்களில் ஒன்று, இனிப்புப் பண்டங்களில் சேர்க்கப்பட்ட உலர்த்திய தேங்காய்ப்பூ. பிரித்தானியாவுக்கு அது போனது நம்முடைய நாட்டிலிருந்து. அதன் பிறகுதான் ஆலைகளில் தேங்காய்ப் பருப்பைத் துருவும் முன்பு சூடேற்றிக் கிருமி நீக்கும் முறை ஒழுங்காக நடைமுறைக்கு வந்தது. உலர்ந்த பொருள்தானே, என்ன செய்யும் என்ற எண்ணம் அன்று பொய்த்துப்போனது. வீட்டிலும் அதே விதிதான்: அடுப்பில் சூடு காட்டாத பூவைப் பலகாரத்தில் சேர்க்க வேண்டாம். திருவலையின் பல்லைப் பயன்படுத்திய உடனேயே கொதிநீர் ஊற்றிக் கழுவிக் காய வையுங்கள். காய்ந்துபோன பழைய பூ அதன் பல்லிடுக்கில் ஒட்டியிருப்பதைப் பல குசினிகளில் காணலாம்.

பூவை வறுப்பது இப்படி: அடிகனமான தாச்சியை மெல்லிய தீயில் வைத்துப் பூவைப் பரப்பி, அகப்பையால் அடிவரை புரட்டிக்கொண்டே இருங்கள். முதலில் ஆவி வரும், தேங்காய்ப்பால் மணம் வரும். ஐந்தாறு நிமிடத்தில் ஆவி அடங்கும். ஒரு பிடி எடுத்து விட்டுப் பார்த்தால் கட்டியாக விழாமல் உதிர வேண்டும். நிறம் மாறக் கூடாது. பொன்னிறம் வந்தால் மணம் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது சம்பல் மணம், ரொபி மணமல்ல.

தேங்காய் ரொபி

பிள்ளைகள் மதரசா விட்டு வரும் வழியிலுள்ள பெட்டிக்கடைப் போத்தலில் இளஞ்சிவப்புத் துண்டாகக் கிடப்பது இதுதான். பிரித்தானியாவில் பாடசாலைச் சந்தைகளிலும் தேவாலய விற்பனைகளிலும் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக இரண்டு அடுக்கு வைத்து விற்கிற தேங்காய் மிட்டாய் இதற்கு நெருங்கிய சொந்தம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து இலங்கையின் உலர்த்திய தேங்காய்ப்பூ கப்பலேறி அந்நாட்டு மிட்டாய்த் தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர்களுக்குக் காய்ந்த பூ, நமக்குப் பச்சைப்பூ. சுவையில் நம்முடையதே மேல் என்பேன்.

வேண்டியவை: வெள்ளைச் சீனி 500 கிராம், தேங்காய்ப்பூ 250 கிராம், தண்ணீர் அரைக் கோப்பை, டின்பால் இரண்டு மேசைக்கரண்டி, இடித்த ஏலம் நான்கு, உப்பு ஒரு சிட்டிகை, தட்டில் பூச மாஜரின். இளஞ்சிவப்பு வேண்டுமென்றால் உணவு நிறம் இரண்டு துளி.

ஹிங்குராணை ஆலையிலிருந்து வரும் சிவப்புச் சீனி நம்முடைய மாவட்டத்துச் சரக்குதான், அதைப் போட்டும் செய்யலாம். அதில் கரும்புப் பாகு கொஞ்சம் ஒட்டியிருப்பதால் ஈரத்தை இன்னும் கூடுதலாகப் பிடிக்கும். ஆகவே இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாகக் கிண்ட வேண்டும், நிறம் சேர்க்கவும் தேவையில்லை. கருப்பட்டி மணத்துக்குக் கிட்டத்தட்ட வரும். பிளேன்டியோடு கடிக்க எனக்குப் பிடித்தது இந்த வகை.

முதலில் தட்டுக்கு மாஜரின் பூசி அடுப்புக்கு அருகில் வைத்துவிடுங்கள். பதம் வந்த பிறகு தட்டைத் தேட நேரம் இருக்காது. பூவை மேலே சொன்னபடி வறுத்து எடுத்துக்கொள்ளுங்கள். அதே தாச்சியில் சீனியும் தண்ணீரும் போட்டு, மெல்லிய தீயில் சீனி முழுவதும் கரையும்வரை கிண்டுங்கள். அடியில் ஒரு மணி சீனி இருந்தாலும் கொதிக்க விடாதீர்கள். அந்த ஒரு மணியைப் பிடித்துக்கொண்டு பாகு முழுவதும் மண்போல இறுகிவிடும். தாச்சி ஓரத்தில் தெறித்து ஒட்டிய சீனியை நனைத்த துணியால் துடையுங்கள். கரைந்த பிறகு தீயைக் கூட்டலாம், கிண்டுவதை நிறுத்தலாம்.

கொதி முதலில் பெரிய குமிழாக வரும். போகப்போகக் குமிழ் சிறுத்து, நெருங்கி, மெதுவாக வெடிக்கும். ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீர் வைத்து அதில் ஒரு சொட்டுப் பாகை விடுங்கள். கரைந்து ஓடினால் இன்னும் நேரம் இருக்கிறது. அடியில் கிடந்து, விரலால் கூட்டினால் மெல்லிய உருண்டையாகத் திரண்டால் பதம். வெப்பமானி வைத்திருப்பவர்கள் 114 முதல் 116 பாகை செல்சியஸ் வரை பார்த்துக்கொள்ளுங்கள். கச்சான் காலத்தில் 114 போதும். மாரியில் 116க்குக் கீழே இறக்காதீர்கள். வெப்பம் ஏற ஏறப் பாகில் மிஞ்சும் தண்ணீர் குறைகிறது என்பதுதான் இதன் கணக்கு.

இப்போது தீயைக் குறைத்துப் பூ, டின்பால், உப்பு, ஏலம், நிறம் எல்லாவற்றையும் சேர்த்துக் கிண்டுங்கள். இதற்குப் பிறகு அடுப்படியை விட்டு நகரக் கூடாது. கலவை முதலில் இளகிப் பளபளக்கும். பிறகு மினுக்கம் மங்கி, அகப்பை போன வழி ஒரு கணம் அப்படியே நிற்கும், தாச்சியின் அடி தெரியும். ஓரத்தில் ஒட்டியது மெல்லிய வெண்படலமாகக் காயத் தொடங்கும். அந்த வெண்படலம்தான் அடையாளம். எங்கள் தெருவில் பெருநாளைக்குப் பலகாரம் செய்து கொடுக்கிற ஒரு சாச்சி, அருகில் நிற்கிற பிள்ளைகளை அடக்குவதே இந்த நேரத்தில்தான்: “அவசரப்படாத புள்ள, தாச்சி இன்னம் உடல்ல.” தாச்சி விட்டது என்றால், கலவை ஒரே திரளாகக் கழன்று அகப்பையோடு சுற்றி வர வேண்டும்.

உடனே தட்டில் கொட்டி, மாஜரின் தடவிய வாழையிலைத் துண்டால் அமுக்கிச் சமப்படுத்துங்கள். இளஞ்சூட்டில் கத்தியால் கோடு போட்டு வையுங்கள். முழுக்க ஆறிய பிறகு கோட்டில் உடைத்தால் துண்டு துண்டாக வரும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து இறுக வைக்கப் பார்க்காதீர்கள். வெளியே எடுத்ததும் மேலே வியர்த்து, சீனி கரையத் தொடங்கும்.

இறுகாமல் போனால் வீணாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். திரும்பவும் தாச்சியில் போட்டு மெல்லிய தீயில் கிண்டிப் பதம் ஏற்றுங்கள். மாறாகப் பொரிபொரியாக உதிர்ந்துவிட்டால் கால் கோப்பைத் தண்ணீர் தெளித்து இளக்கி, மறுபடி பதத்துக்குக் கொண்டுவாருங்கள். இரண்டாவது முறை இன்னும் கொஞ்சம் கடினமாக இருக்கும், ஆனால் தின்னலாம்.

டின்பால் உருண்டை

நேரமில்லாதவர்களுக்கு இது. டின்பாலில் தண்ணீரைப் பால் ஆலையே வற்றவைத்துத் தருவதால் பாகு பதம் பார்க்கும் வேலை இல்லை. வறுத்த பூ இரண்டு கோப்பை, டின்பால் 200 கிராம், பட்டர் ஒரு தேக்கரண்டி. மெல்லிய தீயில் ஏழெட்டு நிமிடம் கிண்டினால் திரண்டு வரும். ஆறவைத்து, கையில் பட்டர் தொட்டுக்கொண்டு உருட்டி, வறுத்த பூவில் புரட்டி எடுங்கள். சூடாக உருட்டினால் கையில் ஒட்டும், ஒட்டுகிறதே என்று இன்னும் பூவைச் சேர்ப்போம், ஆறியதும் கல்லாகிவிடும். பிரேசிலில் பிறந்தநாள் மேசைக்கு இதே டின்பாலும் தேங்காயும் சேர்த்து உருட்டி, மேலே ஒரு கிராம்பைக் குத்தி வைப்பார்கள். கிராம்பு இங்கேயும் நன்றாகவே பொருந்தும். தின்னும் முன் எடுத்துவிடச் சிறுவர்களுக்குச் சொல்லிவையுங்கள்.

ஈத்தம்பழ உருண்டை

நோன்பு மாதத்தில் வீட்டில் ஈத்தம்பழம் மிஞ்சும். சில பொதிகளில் வருகிற பழம் உலர்ந்து, அப்படியே தின்னப் பிள்ளைகளுக்குப் பிடிக்காமல் இருக்கும். 250 கிராம் பழத்தில் கொட்டை எடுத்து, பழம் மிகவும் காய்ந்திருந்தால் பத்து நிமிடம் ஆவி காட்டி, உரலில் இடியுங்கள். வறுத்த தேங்காய்ப்பூ ஒரு கோப்பை, வறுத்து நொறுக்கிய கஜு இரண்டு மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை சேர்த்துப் பிசைந்து உருட்டுங்கள். சீனி வேண்டவே வேண்டாம். அதற்காக இது நீரிழிவுக்காரர் விரும்பியபடி தின்னக்கூடிய பலகாரம் என்று எண்ணிவிடாதீர்கள். பழத்தின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் சிறிய நெல்லிக்காய் அளவில் உருட்டி, ஒன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

தேங்காய்ப்பால் கடற்பாசி

நோன்பு திறக்கும் நேரத்துக்கு இதைவிடக் குளிர்ச்சியான இனிப்பு இல்லை. குளிர்சாதனப் பெட்டி இல்லாமலே இறுகும் என்பது இதன் சிறப்பு. கடற்பாசி அறையின் வெப்பத்திலேயே, ஏறத்தாழ 35 முதல் 40 பாகைக்குள் உறையும். உறைந்த பிறகு 80 பாகைக்கு மேல் சூடு ஏறாமல் இளகாது. ஆகவே ஏப்ரல் வெயிலிலும் தட்டு கலையாது. கடையில் வாங்கும் ஜெலட்டின் விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் வருவது. எதன் தோல் என்று பல பொதிகளில் இராது. பொதியில் 441 என்ற எண் இருந்தால் ஜெலட்டின், 406 இருந்தால் கடற்பாசி. சந்தேகத்துக்கு இடமில்லாதது நமக்கு இரண்டாவதே. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய மருந்துக்காரர்கள் ‘சிலோன் மொஸ்’ என்று வாங்கியதும் இந்நாட்டுக் கரைகளில் விளைந்த இந்த வகைப் பாசிதான்.

இழைக் கடற்பாசி 10 கிராமை அரை மணி நேரம் ஊறவைத்துப் பிழிந்து, மூன்று கோப்பைத் தண்ணீரில் ஒரு துண்டு ரம்பையோடு கொதிக்க விடுங்கள். இழை ஒன்றும் மிஞ்சாமல் கரைந்த பிறகுதான் சீனி. முந்திப் போட்டால் பாசி கரையச் சுணங்கும். சீனி முக்கால் கோப்பை, உப்பு ஒரு சிட்டிகை போட்டு வடித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு தேங்காயின் முதற்பால் ஒரு கோப்பை.

இந்த இடத்தில் இரண்டு வழி இருக்கிறது. பாலை ஊற்றி, அதிகம் கிண்டாமல் ஒரு கொதி வரவிட்டு, சூட்டோடு தட்டில் ஊற்றி அசைக்காமல் வைத்தால், பாலின் கொழுப்பு மேலே ஏறும். வெட்டிப் பார்த்தால் கீழே கண்ணாடிபோல் ஓர் அடுக்கு, மேலே வெண்மையாக ஓர் அடுக்கு இருக்கும். ஒரே கலவையில் தானாக அமைகிற இரண்டு அடுக்கு அது. முழுவதும் ஒரே வெள்ளையாக வேண்டுமென்றால், இறக்கிய பின் கை பொறுக்கும் சூடு வரும்வரை கிண்டி ஆற்றி, கெட்டியாகத் தொடங்கும்போது ஊற்றுங்கள். தேசிக்காய்ப்புளி சேர்க்க வேண்டாம். புளியோடு கொதித்தால் பாசியின் பிடி தளர்ந்துவிடும்.

பால் பிழிந்த பூவை வீசாதீர்கள். அதில் கொழுப்புக் குறைந்திருக்கும், நார் இருக்கும். நன்றாக வறுத்து, ஒரு தேக்கரண்டி பட்டர் சேர்த்து ஈத்தம்பழ உருண்டையில் போடுங்கள். ஒரு காயில் இரண்டு பலகாரம் என்று முன்பு சொன்னது இதைத்தான்.

வைத்திருப்பதும் விற்பதும்

பதம் சரியாக வந்த ரொபியைக் காய்ந்த டின்னில் எண்ணெய்த்தாள் இடையிட்டு அடுக்கினால் கச்சான் காலத்தில் இரண்டு வாரம் இருக்கும். மாரியில் ஒரு வாரத்துக்கு மேல் நம்ப வேண்டாம். டின்பால் உருண்டையை வெளியில் இரண்டு நாள் வைக்கலாம், குளிரில் ஒரு வாரம். கடற்பாசியில் தேங்காய்ப்பால் இருப்பதால் அன்றன்றே முடித்துவிட வேண்டும், மிஞ்சினால் குளிரில் வைத்து மறுநாள். சூடு ஆறாத பலகாரத்தை எந்த டின்னிலும் மூடாதீர்கள். மூடியில் கோத்த ஆவி சொட்டாக விழும் இடத்தில்தான் பூஞ்சணம் தொடங்கும்.

வீட்டிலிருந்தே விற்க நினைப்பவர்கள் முதலில் ஒரே ஒரு பலகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரொபி நல்லது. சீக்கிரம் பழுதாகாது, ஒவ்வொரு துண்டும் ஒரே அளவாக வரும், கலியாண வீடுகளுக்கும் கேட்பார்கள். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் விற்கும் உணவு எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஆகவே தொடங்கும் முன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்தித்து என்னென்ன வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். பொதியில் செய்த திகதி, எந்தத் திகதிக்கு முன் தின்ன வேண்டும், சேர்த்த பொருள்கள் எல்லாம் எழுதுங்கள். கஜு சேர்த்திருந்தால் அதைத் தனியாகத் தெரியும்படி எழுதுங்கள், அது ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இருக்கிறார்கள். விலை போடும்போது தேங்காய், சீனி, காஸ் கணக்கோடு திருவிய நேரத்துக்கும் கூலி சேருங்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் அதைத்தான் எப்போதும் விட்டுவிடுகிறார்கள். தேங்காய் விலை மாறினால் துண்டைச் சிறிதாக்காமல் விலையைத் திருத்தி, வாங்குபவரிடம் காரணத்தைச் சொல்லிவிடுங்கள்.

வெட்டும்போது உதிர்ந்த தூளையும் விளிம்புத் துண்டையும் ஒரு போத்தலில் சேர்த்து வையுங்கள். அடுத்த நாள் இடியப்ப மாவுக்குள் வைத்து மடித்து அவித்தால், பிள்ளைகள் பாடசாலைக்குக் கொண்டுபோகப் போதும்.